பக்கத்துக் காம்பராவில் கேட்ட வார்த்தை

போன மாதம் ஹட்டனில் நீங்கள் கூட்டிய கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். துப்பறியும் கதை எழுதுகிற பிள்ளைகள் இருபது பேர் இருப்பீர்கள். மாலை போட்டு, நடுவில் உட்காரவைத்து, மைக்கைக் கையில் தந்தீர்கள். நான் வணக்கம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மைக்கைப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் அதற்கும் கை தட்டினீர்கள். நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது உங்களில் ஒரு பிள்ளை என் பையை வாங்கிக்கொண்டு கூடவே வந்தது. "அம்மா, பதினோரு நாவல் எழுதியிருக்கீங்களே, அதுல எத எழுதாம இருந்திருக்கலாம்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டது. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. பஸ் ஏறுகிற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் அது இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது ஒருவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எத்தனையாவது பக்கத்தில் பிணம் விழ வேண்டும், சந்தேகத்தை யார் யார் மேல் பரப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப் போவதில்லை. என் ஏழாவது நாவலில் ஒரே ஒரு வரியால் ஒரு சினேகிதியை இழந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவளைப் பூரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டம். வரிசையாக ஒரே கூரையில் கட்டிய தொழிலாளர் வீடுகள்தான் லயம்; அதில் அவள் காம்பராவும் என் காம்பராவும் அடுத்தடுத்து. மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்க எங்களுக்குக் கொடுத்த செடி நிரையும் அடுத்தடுத்து. வீட்டிலும் பக்கம், வேலையிலும் பக்கம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு தனி ஆள். அதனால் என் நாளில் பாதிக்கு மேல் பூரணத்தின் குரலைக் கேட்டே கழிந்தது.

நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாத நான் எப்படிக் கதைசொல்லி ஆனேன் என்று நீங்கள் கேட்கலாம். கொழுந்து எடுக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் செடி மேல். கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் என் போன்றவளுக்கும் பேச்சு வரும். பொட்டலம் கட்டி வந்த பழைய பத்திரிகைத் தாளில் துப்பறியும் கதை படிப்பேன். கதை பாதியில் அறுந்திருக்கும். மிச்சத்தை நானே கட்டி நிரையில் சொல்வேன். அப்படித்தான் தொடங்கியது.

பூரணத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் கண்ட வாசகர்களில் அவளைப் போல ஒருத்தர் இல்லை.

"வெட்டிப்போட்டு ஓடுனவன் ஏழாம் நம்பர் மலையில போயி ஒளிஞ்சிக்கிட்டான்" என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டு போனேன்.

"எங்க, ஏழாம் நம்பர்லயா?" பூரணம் நிமிரவே இல்லை. "போன மாசந்தானடி அங்க கவ்வாத்து வெட்டுனாங்க. முழங்கா ஒயரத்துக்குக் குச்சியாத்தான் நிக்கிது. ஒரு கோழி ஒளிய முடியுமா அங்க?"

நிரை முழுதும் சிரித்தது.

"சரி, ஒம்பதாம் நம்பர்ல ஒளிஞ்சான்."

"ஒம்பதுல ஒளியலாம். ஆனா இந்த மழையில அங்க ரெண்டு மணி நேரம் குந்தியிருந்தான்னா அட்டை சும்மா விடுமா? காலெல்லாம் ரத்தமாத்தான வெளிய வருவான். அது அட்டைக்கடி ரத்தமா, வெட்டுன ரத்தமான்னு பொலிசுக்காரன் என்னத்தக் கண்டான்?"

என் முதல் நாவல் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. கொலையே செய்யாத ஒருவன் காலில் ரத்தத்தோடு பிடிபடுகிறான், அது அட்டைக்கடி என்று கடைசியில் தெரிகிறது. கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அங்கே கதைப்பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஐயா, கொலைக்கதைக்குப் பெண் பெயர் எடுபடாது என்று எனக்கு ஓர் ஆண் பெயர் வைத்தார். வாசகர்கள் "மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு" என்று கடிதம் எழுதினார்கள். அதை நிரையில் வாசித்தால் பூரணம், "ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, கொழுந்து மறைக்கிது" என்பாள்.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்தக் கதையும் முதலில் நிரையில்தான். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நான் நிறுத்தி, "யாருன்னு நெனைக்கிற?" என்று கேட்பேன். பூரணம் சரியாகச் சொல்லிவிட்டால் கொலைகாரனை மாற்றிவிடுவேன். அவள் தவறாகச் சொன்னால்தான் பேனாவை எடுப்பேன்.

ஒரு முறை அந்த ஐயா, கதையைக் கொழும்புக்குக் கொண்டுவாருங்கள், பெரிய ஹோட்டல் ஒன்றில் கொலை நடக்கட்டும் என்றார். நான் கொழும்பைப் பார்த்ததே இல்லை. ஒரு லீவு நாளில் பூரணமும் நானும் பஸ் ஏறினோம். கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு எதிரே நின்று எத்தனை வாசல், எத்தனை ஜன்னல் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் போனதும் காவல்காரர் வந்து என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். நான் பூரணத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் எங்கள் தோட்டத்துச் சிங்களத்தில் அமைதியாகக் கேட்டாள்: "மாத்தயா, இந்த ஹோட்டலுக்குள்ள ஒரு கொலை நடந்தா முதல்ல யாரப் புடிப்பாங்க?"

அவர் எங்கள் செருப்பைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். "உங்க ரெண்டு பேரையும்தான்" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாங்களும் சிரித்தோம். திரும்பும் வழியில், பஸ் கினிகத்தேனை ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறும்போது பூரணம் சொன்னாள்: "அந்த ஆளு சொன்னது வெளையாட்டு இல்லடி. செஞ்சவன அப்பறந்தான் தேடுவாங்க. யாரப் புடிக்கிறதுங்கிறத முன்னாடியே வச்சிருப்பாங்க." என் மூன்றாவது நாவலிலிருந்து இன்ஸ்பெக்டர் முதலில் பிடிக்கிற ஆள் எப்போதும் குற்றமில்லாத ஏழையாக இருந்தான். பத்திரிகையில் அதைச் சமூகப் பார்வை என்று எழுதினார்கள். அது பூரணம் பஸ்ஸில் சொன்னது.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி இருக்கும். பக்கத்தில் இருமினால் கேட்கும், அழுதால் கேட்கும், சண்டை போட்டால் ஐந்தாவது காம்பரா வரை கேட்கும். உங்களில் லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதோடு சேர்ந்த இன்னொரு வழக்கமும் உங்களுக்குத் தெரியும். கேட்டது கேட்டதுதான், ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. மாலையில் புருஷன் பெண்டாட்டி சண்டை முழு லயத்துக்கும் கேட்டிருக்கும். மறுநாள் காலை தண்ணீர்ப் பீலியில் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமல் எல்லாருக்கும் தெரிந்த மரியாதை அது. அது இல்லாவிட்டால் அப்படி ஒரு சுவரை வைத்துக்கொண்டு மனிதர்கள் நூறு வருஷம் வாழ்ந்திருக்க முடியாது.

பூரணத்தின் புருஷன் கவ்வாத்து வெட்டுகிறவர். நல்ல மனிதர். ஈரல் கெட்டுப் படுத்தார். எட்டு மாதம் படுக்கை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பூரணம் பகலில் மலைக்கு வருவாள், மாலையிலிருந்து விடியும்வரை அவரைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, கஞ்சி கொடுப்பது. மகள் அப்போது கினிகத்தேனையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். நிரையில் நின்றபடியே பூரணம் கண்ணை மூடுவாள். கை மட்டும் கொழுந்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் வேலை விட்டு வந்த நேரம். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூரணத்தின் குரல் வந்தது. அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"நீ கண்ண மூடுனாத்தான்யா நான் ஒரு வாரம் நிம்மதியாத் தூங்குவேன்!"

லயம் முழுவதும் ஒரு நிமிஷம் சத்தம் அடங்கிவிட்டது. பிறகு எங்கேயோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் கேட்டோம். யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் அவர் போய்விட்டார். பூரணம் அழுதாள். அது நடிப்பில்லாத அழுகை என்று நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஏழாவது தொடர் கேட்டு வந்தது. பூரணம் காரியம் முடியும்வரை வேலைக்கு வரவில்லை. அவள் இல்லாத நிரையில் கதை சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் முதல் முறையாக யாரிடமும் சொல்லாமல் நேராகத் தாளில் எழுதத் தொடங்கினேன். லயத்தில் ஒருவன் மருந்து குடித்துச் செத்துக் கிடக்கிறான். செடிக்கு அடிக்கிற மருந்து. யாரோ கொடுத்திருக்கிறார்கள். பெண்டாட்டி மேல் சந்தேகம் வர ஒரு காரணம் வேண்டும். என்னவெல்லாமோ எழுதிப் பார்த்தேன். எல்லாம் வைக்கோல் மாதிரி இருந்தது. தபாலுக்கு நாள் நெருங்கியது. கடைசியில் அந்த வரி தானாக வந்து கையில் நின்றது. எழுதினேன். பக்கத்துக் காம்பராக்காரி சுவருக்கு மேலே கேட்டு இன்ஸ்பெக்டரிடம் சொல்வதாக வைத்தேன். எழுதி முடித்ததும் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். பயத்தில் என்று நினைக்காதீர்கள். நன்றாக வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வாசித்தேன்.

நோர்வூட்டில் போன் பேசுகிற கடைக்கு வந்து கொழும்புக்கு எடுத்தபோது அந்த ஐயா சொன்னார்: "அம்மா, அந்த ஒரு வசனம் போதும், முழுக் கதையையும் தூக்கி நிறுத்திரும். எங்க புடிச்சீங்க?"

"சும்மா வந்திச்சுங்க ஐயா" என்றேன்.

பத்திரிகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை பூரணம் வேலைக்குத் திரும்பினாள். பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். "ஏ சரசு, புதுக்கதை வந்திருக்காமே, வாசியேன்" என்று கேட்டார்கள். பூரணமும், "வாசிடி, கொஞ்சம் மனசு மாறட்டும்" என்றாள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களிடம் நான் சொல்ல விரும்புகிறது எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாசித்துக்கொண்டு வரும்போது அந்த வரி மூன்று வரிக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். தாண்டிப் போயிருக்கலாம். வேறொரு வசனத்தை வாயால் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த மூன்று வரி வாசிக்கிற நேரம் எனக்கு இருந்தது. ஆனால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரி அவர்கள் காதில் எப்படி விழும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. வாசித்தேன்.

யாரும் பூரணத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி மண்ணைப் பார்த்தாள், ஒருத்தி கூடைக் கயிற்றைச் சரிசெய்தாள். அவர்கள் அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் பூரணத்துக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அன்றைக்குக் கேட்டது நான் மட்டும் இல்லை, எல்லாரும்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறுதியாகியிருக்கும். இத்தனை நாள் எல்லாரும் சேர்ந்து மூடிவைத்ததை நான் ஒருத்தி திறந்துவிட்டேன்.

பூரணம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"கதை நல்லாருக்கு" என்றாள்.

பிறகு எழுந்து கங்காணியிடம் போனாள். "அண்ணே, வெயிலு கண்ணுல அடிக்கிது. என்னைய அந்தக் கோடி நிரைக்கு மாத்திவிடுங்க" என்று கேட்டாள். அன்றைக்கு மலை முழுதும் மூடுபனி. கங்காணி ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, போ" என்றார்.

மாற்றி எழுதுகிற புத்தி எனக்கு வருவதற்குள் கதை தோட்டத்தைச் சுற்றிவிட்டது. மேல் பிரிவில் பூரணத்தின் நாத்தனார் இருந்தாள். யாரோ அவளுக்குப் பத்திரிகையை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு பகலில் வந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் எட்டாவது அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணன் எதுல செத்தாரு? நெசத்தச் சொல்லு."

"ஒனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு நீயுந்தான வந்த."

"ஆஸ்பத்திரி கெடக்கட்டும். அந்த வார்த்த சொன்னியா, சொல்லலயா?"

பூரணம் அடுப்பில் விறகைத் தள்ளுகிற சத்தம்தான் கேட்டது.

"ஊரே பேப்பர்ல வாசிக்கிது. கூடப் படுத்து எந்திரிச்ச மாதிரி இருந்தவளே எழுதியிருக்கா. சும்மாவா எழுதுவா?"

என் கதவுக்கும் அவள் கதவுக்கும் நடுவில் எட்டு அடிகூட இருக்காது. நான் எழுந்து போய், "அது நான் கட்டுன கதை, இவ மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். கதவு வரைக்கும் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். அந்த நாத்தனாரின் முகத்துக்கு முன்னால் நின்று பேச வேண்டும் என்று நினைத்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். நான் கூச்சக்காரி என்று ஊரெல்லாம் சொல்லும், நானும் சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு இருந்தது கூச்சம் இல்லை. கோழைத்தனம்.

வாயால் செய்ய முடியாததைப் பேனாவால் செய்யலாம் என்று நினைத்தேன். அது என் இரண்டாவது தவறு. கதையில் பெண்டாட்டிதான் கொன்றவள் என்று முடிப்பதாக இருந்தேன். அதை மாற்றி அவளைக் குற்றமில்லாதவளாக்கினேன். கொழும்பு ஐயா போனில் கோபப்பட்டார்.

"அம்மா, வாசகர்கள் எல்லாரும் அந்தப் பொம்பளையைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க. இப்ப போயி புதுசா ஒரு ஆளைக் கொண்டுவந்தா கதை விழுந்துரும்."

"விழட்டும்ங்க ஐயா."

"காரணம் சொல்லுங்க."

"அவ செய்யலைங்க."

அவருக்கு நான் எந்த அவளைச் சொல்கிறேன் என்று தெரியாது. "சரி, உங்க கதை" என்றார். எனக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு என்னிடம் அவர் அவ்வளவாகப் பேசவில்லை.

கதை விழுந்தது. அதைத் தாங்கிக்கொள்ளலாம். தோட்டத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாத்தியா, கூட்டாளியக் காப்பாத்த முடிவ மாத்திப்புட்டா. அப்ப விஷயம் இருக்குன்னுதான அர்த்தம்?" நான் அவளை விடுவிக்க எழுதியதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஒரு வார்த்தையை எடுத்து அச்சில் போட்டுவிட்டால் இன்னொரு வார்த்தையால் அதைத் திருப்பி வாங்க முடியாது. நேரில் போய்த்தான் வாங்க வேண்டும்.

நான் போகவில்லை. மகள் வந்து பூரணத்தைக் கினிகத்தேனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற காலையில் லயத்துப் பெண்கள் எல்லாரும் சாமான்களை ரோட்டுக்குத் தூக்கிப்போனோம். நானும் ஒரு மூட்டையைத் தூக்கினேன். பூரணம் என் தலையிலிருந்து அதை இறக்கி, பக்கத்தில் நின்ற இன்னொருத்தியின் தலையில் வைத்தாள். வான் கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு வருஷம். நாலு நாவல் எழுதினேன். உங்களில் சிலர் அவற்றைத்தான் சிறந்தவை என்று சொன்னீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றில் கொலைகாரன் ஐப்பசி மாதத்தில் நல்லதண்ணியிலிருந்து நேரே கொழும்பு பஸ் ஏறித் தப்பிக்கிறான். ஐப்பசியில் அங்கே மலை யாத்திரைக் காலம் தொடங்கியிருக்காது, அது தொடங்காமல் அந்த பஸ் ஓடாது. எழுதி, அச்சாகி, ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. யாராவது கடிதம் எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. பத்தாம் பக்கம் வரும்போதே பூரணம் பிடித்திருப்பாள். "ஏன்டி, அவன் என்ன றெக்க கட்டிப் பறந்தானா?" என்று கேட்டிருப்பாள். அன்றைக்கு அந்தப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தை ஆயிரம் பேர் வாசிக்கலாம். தப்பு செய்யும்போது கையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான் ஒவ்வொரு வரிக்கும் அவள் சிரிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. அவர்கள் பேசினால் எனக்குக் கேட்கும். அந்தக் குரல் மட்டும் இல்லை.

போன வருஷம் எழுதுவதை நிறுத்தினேன். கண் சரியில்லை, முழங்காலும் சரியில்லை. நிறுத்திய பிறகு, எழுத்து வேலை இருக்கிறது என்று சொல்லி அவளைப் பார்க்கப் போகாமல் இருக்கச் சாக்கு இல்லாமல் போயிற்று. ஒரு ஞாயிறு காலை ஹட்டன் வந்து, அங்கிருந்து கினிகத்தேனை பஸ்ஸில் ஏறினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். இறங்கி விசாரித்தேன். மெயின் ரோட்டிலிருந்து கீழே இறங்குகிற பாதையில் மகளின் வீடு.

பூரணம் வாசலில் உட்கார்ந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுதும் வெள்ளை. நிமிர்ந்து பார்த்தாள்.

"வா. ஒக்காரு" என்றாள்.

பதினான்கு வருஷமாக நான் எதிர்பார்த்த வசவுகளில் அது இல்லை. உட்கார்ந்தேன். அவள் ஒரு பிடி வல்லாரையை என் பக்கம் தள்ளினாள். நானும் ஆய்ந்தேன். இரண்டு பேரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"நான் செஞ்சது தப்பு பூரணம்."

"தப்புதான்."

"அந்த வார்த்தைய எழுதியிருக்கக் கூடாது."

"எழுதுனதுக்கு இல்லடி." அவள் கை நிற்கவில்லை. "ஒவ்வொரு கதைக்கும் எங்கிட்ட கேப்ப. யாருன்னு நெனைக்கிற, யாருன்னு நெனைக்கிறன்னு உசுர எடுப்ப. ஒங்கதைக்கெல்லாம் கேட்ட. எங்கதைய எடுக்கயில மட்டும் கேக்கல."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா மிச்சத்தச் சொல்லியிருப்பேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் கத்துனது சுவரு தாண்டிச்சு. ஒங்களுக்கெல்லாம் கேட்டிச்சு. அதுக்கு அவரு சொன்ன பதிலு கேட்டிச்சா?"

இல்லை. எனக்குக் கேட்கவில்லை. எட்டு மாதம் படுக்கையில் கிடந்த மனிதரின் குரல் சுவருக்கு மேலே ஏறுமா? அப்படி ஒரு பதில் இருந்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சாட்சி சொல்கிறவள் எதைக் கேட்கவில்லை என்று விசாரிப்பதுதான் துப்பறிகிறவனின் முதல் வேலை. ஏழு நாவலில் என் இன்ஸ்பெக்டர் அதைச் செய்திருக்கிறார். நான் செய்யவில்லை.

பூரணம் அந்தப் பதிலைச் சொன்னாள். சின்ன வாக்கியம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அதக் கேட்டு அன்னைக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம். சத்தம் வராம சிரிச்சோம். அவரு சிரிச்சது அதுதான் கடைசி" என்றாள்.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தோம். மழை வரும்போலிருந்தது. எழுந்தேன். மறுபடியும் வா என்று அவள் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன்.

ஹட்டன் கூட்டம் முடிந்து வந்த ஞாயிறும் போனேன். உங்களில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியைச் சொன்னேன். "இந்தப் பிள்ளைகளுக்கு நம்ம விஷயத்த எழுதவா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "நான் கத்துனத எழுது. அது எப்படியும் ஊருக்கெல்லாம் தெரியும். பேர மட்டும் மாத்திக்க."

"அவரு சொன்னது?"

"அது என்னோடது."

அதனால் அதை நான் எழுதவில்லை. பதினோரு நாவலிலும் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தவள் நான். இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு மட்டும் சொல்கிறேன். அந்தப் பதில் எனக்குத் தெரிந்திருந்தால், என் கதையில் கொலையே நடந்திருக்காது.